ஐரோப்பாவின் நேச்சுரிசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து என்று படிப்புக்கும் வேலைக்கும் போகிறவர்கள் முதல் கோடையிலேயே ஏதாவது ஓர் ஏரிக்கரையில் துணியில்லாமல் வெயில் காய்கிறவர்களைப் பார்த்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

நேச்சுரிசம்னா என்ன? சும்மா துணி இல்லாம இருக்கறதுதானா?

அது பாதிதான். பன்னாட்டு நேச்சுரிஸ்ட் கூட்டமைப்பு 1974இல் பிரான்சின் அக்த் நகரில் கூடி ஒரு வரையறை வகுத்தது. இயற்கையோடு இசைந்த வாழ்க்கை முறை, கூட்டாக ஆடையின்றி இருப்பது அதன் அடையாளம், தன்னையும் பிறரையும் சுற்றுச்சூழலையும் மதிக்கப் பழகுவது அதன் நோக்கம் என்பது அதன் சாரம். இதில் ‘கூட்டாக’ என்ற சொல் முக்கியம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருப்பதை யாரும் நேச்சுரிசம் என்று சொல்வதில்லை.

ஜெர்மனியில் இதன் பெயர் ‘ஃப்ரைகோர்பர்குல்டூர்’. கட்டற்ற உடலின் பண்பாடு என்று பொருள். வாயில் நுழையாத இந்தப் பெயரை அவர்களே ‘எஃப்-கா-கா’ (FKK) என்று சுருக்கிவிட்டார்கள். கடற்கரைப் பலகைகளிலும் வரைபடங்களிலும் அந்த மூன்று எழுத்துகள்தான் இருக்கும். துணி உடுத்திய மற்றவர்களை இவர்கள் ‘டெக்ஸ்டைல்’ என்பார்கள். வசையாக அல்ல, பாதி கேலியாக.

இது எப்ப, எங்க ஆரம்பிச்சது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஜெர்மனியின் தொழில் நகரங்களில். நிலக்கரிப் புகை, நெரிசலான குடியிருப்பு, காசநோய், இறுக்கிக் கட்டும் உடைகள் ஆகியவற்றுக்கு எதிராக ‘வாழ்க்கைச் சீர்திருத்தம்’ என்றொரு இயக்கம் கிளம்பியது. மரக்கறி உணவு, மது மறுப்பு, வெயில் குளியல், காற்றுக் குளியல் எல்லாம் அதில் அடக்கம். ஆடை துறப்பு அதன் ஒரு கிளை. 1903இல் லூபெக் நகருக்குப் பக்கத்தில் பால் சிம்மர்மன் திறந்த பூங்காதான் இதற்கென்று நிலையாக அமைந்த முதல் இடங்களில் ஒன்று.

பிரான்சில் காஸ்தோன், ஆந்த்ரே துர்வீல் என்ற மருத்துவச் சகோதரர்கள் 1931இல் லெவாந் தீவில் ஹெலியோபொலிஸ் என்ற குடியிருப்பை நிறுவினார்கள். 1950இல் போர்தோ பக்கத்து அட்லாண்டிக் கரையில், மொந்தலிவேயில், ஆல்பர்ட் லெகோக்கும் கிறிஸ்டீன் லெகோக்கும் விடுமுறை மையம் தொடங்கினார்கள். மேலே சொன்ன கூட்டமைப்பு 1953இல் பிறந்ததும் அங்கேதான். இந்த இடங்களுக்கெல்லாம் முன்னால் நடந்த ஒரு வேடிக்கை: 1891இல் இப்படி ஒரு சங்கம் தொடங்கியது பம்பாய்க்குப் பக்கத்துத் தானேயில். சார்லஸ் கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேய நீதிபதி ஆரம்பித்தார். உறுப்பினர்கள் மொத்தம் மூன்று பேர்.

நாஜிங்க இதை ஆதரிச்சாங்களா, தடை பண்ணாங்களா? ரெண்டு விதமாவும் சொல்றாங்களே?

இரண்டுமே நடந்தது. தொடக்க கால ஜெர்மன் இயக்கத்துக்குள் ஒன்றுக்கொன்று ஆகாத இரு முகாம்கள் இருந்தன. ரிச்சர்ட் உங்கெவிட்டர் போன்றவர்களுக்கு ஆடையில்லா உடல் என்பது ‘இனத் தூய்மை’யைச் சோதிக்கும் கருவி. எதிர்ப்பக்கம் அடால்ஃப் கோக் என்ற சோஷலிச ஆசிரியர், 1920களில் பெர்லின் தொழிலாளர் குடும்பங்களுக்காக உடற்பயிற்சிப் பள்ளிகள் நடத்தினார். நேச்சுரிசம் என்றாலே சமத்துவம் என்று இன்று எழுதுகிறவர்கள் முதல் முகாமை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1933 மார்ச்சில் நாஜித் தலைவர் கோரிங் பிறப்பித்த ஆணை, ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவில் இதைத் தடை செய்தது. சோஷலிசச் சங்கங்கள் கலைக்கப்பட்டன. ஆட்சிக்கு வளைந்து கொடுத்தவை வேறு பெயரில் பிழைத்தன. 1942இல் பிறர் கண்ணில் படாத இடத்தில் ஆடையின்றிக் குளிக்கலாம் என்று விதி தளர்ந்தது.

கிழக்கு ஜெர்மனிக்காரங்கதான் இதுல ரொம்ப சகஜம்னு சொல்றாங்களே, ஏன்?

அங்கே அது சங்கத்து விவகாரமாக இல்லாமல் பொது வழக்கமாகிவிட்டது. கம்யூனிஸ்ட் அரசு 1954இல் பால்டிக் கரையில் தடை போட்டுப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 1956இல் குறித்த இடங்களில் அனுமதித்து ஒழுங்குமுறை கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பயணம், கட்சி சாராத சங்கம் என எதற்கும் வழியில்லாத நாட்டில், கடற்கரையில் துணி களைவது அரசு தலையிடாத ஒரு சின்னச் சுதந்திரம். குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

1990 இணைப்புக்குப் பிறகு மேற்கிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் முகம் சுளிக்க, பால்டிக் கரையில் எந்தப் பகுதி யாருக்கு என்று பெரிய சண்டை. இன்று அங்கே கடற்கரையைப் பிரித்துப் பலகை நட்டிருப்பது அதன் மிச்சம்தான்.

“ஆள் பாதி ஆடை பாதி”ன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. இவங்க ஏன் அந்தப் பாதியை வேண்டாம்னு விடறாங்க?

அந்தப் பாதிதான் ‘நான் யார் தெரியுமா’ என்று சொல்கிறது என்பதால். சீருடை, சட்டையின் விலை, காலணி எல்லாம் போனபின் வங்கி மேலாளர் யார், குழாய் பழுது பார்ப்பவர் யார் என்று தெரியாது. ஜெர்மன் மொழியில் நம் ‘நீங்கள்–நீ’ போலவே இரு விளிகள் உண்டு. எஃப்-கா-கா சங்கங்களில் பெரும்பாலும் எல்லாருக்கும் ‘நீ’தான். இதை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். கைக்கடிகாரத்தையும் கேரவன் வண்டியின் நீளத்தையும் வைத்து அங்கேயும் ஆளை எடை போடுகிறார்கள்.

இன்னொரு காரணம் உடல்கூச்சம். விளம்பரத்தில் வரும் உடம்புகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அங்கே தொப்பையும் சிசேரியன் தழும்பும் தொங்கும் தோலும்தான் சாதாரணம் என்று தெரிகிறது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கியோன் வெஸ்ட் செய்த ஆய்வுகளில், இதில் பங்கேற்பவர்களுக்குத் தம் உடல்மேல் திருப்தி கூடுதலாக இருப்பது தெரிந்தது. ஏற்கெனவே கூச்சம் குறைந்தவர்கள்தான் அங்கே போகிறார்கள் என்ற எதிர்வாதத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு.

சுத்தி வளைக்காம கேக்கறேன். அங்க செக்ஸ்தானே நடக்கும்?

இல்லை. குடும்பங்கள் வரும் மையங்களில் பொது இடத்தில் பாலியல் நடத்தை என்றால் அன்றே பெட்டியைக் கட்டச் சொல்லி வெளியேற்றுவார்கள். உற்றுப் பார்ப்பதற்கும் பின்தொடர்வதற்கும்கூட முதல் எச்சரிக்கை விழும்.

குழப்பத்துக்குக் காரணம் தென் பிரான்சின் கேப் தாக்த். ஓல்த்ரா குடும்பத்தின் நிலத்தில் கூடாரம் போட்டவர்களிலிருந்து வளர்ந்து, 1970களில் அடுக்குமாடிகளும் கடைகளுமாகத் தனி ஊரே ஆனது. பிற்பாடு துணை மாற்றும் கூட்டமும் அதற்கான கிளப்புகளும் அங்கே நுழைந்தன. நேச்சுரிஸ்ட் சங்கங்களுக்கு அதில் தீராத எரிச்சல். ஓர் இடத்துக்கு முன்பதிவு செய்யுமுன் அதன் அறிவிப்பில் ‘குடும்பம்’ என்ற சொல் இருக்கிறதா, ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அது பெரும்பாலும் வேறு உலகம்.

ஆம்பளைங்களுக்கு திடீர்னு ‘அது’ மாதிரி ஆயிட்டா?

பயப்படும் அளவுக்கு நடப்பதில்லை. புது இடத்துப் பதற்றமே அதைத் தடுத்துவிடும். நடந்தால் குப்புறப் படுங்கள், அல்லது துண்டை மடியில் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது தண்ணீரில் இறங்குங்கள். ஐரோப்பிய ஏரித் தண்ணீர் அரை நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். மறைக்காமல் நடமாடுவதுதான் குற்றம்; தானாக நேர்வது குற்றமில்லை.

பீரியட்ஸ் நாள்ல பெண்கள் என்ன பண்ணுவாங்க?

டாம்போன் அல்லது கப். டாம்போன் நூலை உள்ளே மடித்துவிடுவார்கள், சிலர் குட்டையாக நறுக்கிக்கொள்வார்கள். நாப்கின் பழகியவர்கள் கீழாடை மட்டும் அணிந்திருப்பார்கள். எவ்வளவு கண்டிப்பான மையத்திலும் இதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

எங்க போனாலும் துண்டு, துண்டுன்னு சொல்றாங்களே, எதுக்கு?

சுகாதாரம். வெற்றுடம்போடு நாற்காலி, பெஞ்சு, பேருந்து இருக்கை எதிலும் நேரடியாக உட்காரக் கூடாது. சொந்தத் துண்டை விரித்துத்தான் உட்கார வேண்டும். உணவகத்திலும் அப்படியே. ஆளைப் பார்த்தாலே தெரியும்: பழையவர் தோளில் துண்டு கிடக்கும், புதியவர் அதை அறையில் விட்டுவிட்டு நின்றுகொண்டே காப்பி குடிப்பார்.

ஜெர்மன் சவுனாவுல துணியைக் கழட்டியே ஆகணுமா? ஆபீஸ் டீமோட கூப்பிடறாங்க.

பெரும்பாலான இடங்களில் ஆம், ஆண் பெண் சேர்ந்தே. சவுனா என்ற வெப்பக் குளியல் அறைக்குப் போகும் எல்லாரும் நேச்சுரிஸ்டுகள் இல்லை. அது அங்கே பொது வழக்கம். நீச்சல் குளப் பகுதியில் நீச்சலுடை கட்டாயம், சவுனாப் பகுதிக்குள் நுழைந்ததும் அதே உடை தடை. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவும் ‘டெக்ஸ்டீல்ஃப்ரை’ (துணி கூடாது) என்ற பலகையும் இருக்கும். குளோரினில் ஊறிய செயற்கை இழை சூட்டில் நெடியடிக்கும், வியர்வையைத் தோலோடு பிடித்து வைக்கும் என்பதுதான் சொல்லப்படும் காரணம்.

கொண்டுபோக வேண்டியவை: உடல் நீளத்துக்கு ஒரு பெரிய துண்டு, துடைக்க இன்னொரு துண்டு, குளியல் அங்கி, ரப்பர் செருப்பு. முதலில் சோப்புப் போட்டுக் குளித்து நன்றாகத் துடையுங்கள். ஈர உடம்பு வியர்க்க நேரமாகும். செருப்பை வாசலிலேயே விடுங்கள். பெரிய துண்டைக் கால் பாதமும் அதன்மேல் வருமாறு விரியுங்கள். மரத்தில் ஒரு சொட்டு வியர்வை விழக் கூடாது என்பதுதான் சட்டம், முன்பின் தெரியாத பாட்டிகூடத் திருத்துவார். ஃபின்னிஷ் அறையில், அதாவது உலர் வெப்பச் சவுனாவில், 80 முதல் 100 டிகிரி செல்சியஸ். மேல்தட்டில்தான் சூடு அதிகம், எனவே முதல் தடவை கீழ்த்தட்டில் 8 நிமிடம் போதும். பழகியவர்களுக்கே 15தான் எல்லை. வெளியே வந்து காற்று வாங்கி, பாதத்திலிருந்து மேல்நோக்கிக் குளிர்ந்த நீர் ஊற்றி, வியர்வையைக் கழுவிய பிறகே குளிர்தொட்டியில் இறங்க வேண்டும். கால் மணி நேரமாவது ஓய்வு. இப்படி இரண்டு அல்லது மூன்று சுற்று. நீராவி அறையில் மட்டும் முறை வேறு. அங்கே இருக்கை ஓடு பதித்தது, உட்காருமுன்னும் எழுந்த பின்னும் பக்கத்தில் தொங்கும் குழாயால் அலசிவிட வேண்டும்.

நம்மவர்கள் தவறவிடுவது நகை. 90 டிகிரியில் தங்கச் சங்கிலி தோலைச் சுட்டுவிடும். தாலிக்கொடியைப் பூட்டுப்பெட்டியில் வையுங்கள், மனம் வராவிட்டால் மஞ்சள் கயிறு பரவாயில்லை. அரைஞாண் கயிற்றையும் பூணூலையும் யாரும் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். வெள்ளிக் கொடி என்றால் கழற்றிவிடுங்கள்.

கூச்சம் இருந்தால் ‘பெண்கள் நாள்’ பல இடங்களில் உண்டு, நெதர்லாந்தில் ‘நீச்சலுடை நாள்’ என்றே தனியாக உண்டு. எல்லை தாண்டினால் விதி தலைகீழ்: பிரான்சிலும் பிரிட்டனிலும் பொது ஸ்பாக்களில் பொதுவாக நீச்சலுடை கட்டாயம். டீமோடு போக விருப்பமில்லை என்றால் ‘எனக்குச் சவுனா ஆகாது’ என்ற ஒரு வரி போதும்.

மேனேஜரை அங்க பாத்துட்டா எங்க முகத்தை வெச்சுக்கறது?

அவருடைய முகத்தில். கண்ணைப் பார்த்து ஒரு ‘ஹலோ’, அவ்வளவுதான். சட்டென்று துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினால்தான் காட்சியாகிவிடும். திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, அவராக எடுத்தாலொழிய.

முகாம்ல ஒரு நாள் எப்படிப் போகும்? பூரா நாளும் அப்படியேவா இருப்பாங்க?

ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவு சாதாரணம். மொந்தலிவே போன்ற மையத்தில் காலையில் தொப்பி, செருப்பு, தோள்பை மட்டும் அணிந்தவர்கள் ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்பார்கள். சட்டைப்பை இல்லாததால் சில்லறைக்கு அந்தப் பை. பிறகு மிதிவண்டி, கைப்பந்து, பாத்திரம் கழுவுதல், மாலையில் இரும்புக் குண்டு உருட்டும் பெத்தாங்க். வாணலியில் எண்ணெய் காய்ந்தால் ஏப்ரன் போட்டுக்கொள்வார்கள், வெல்டிங் வேலை என்றால் முழு உடுப்பு. கொள்கைக்காகத் தோலைச் சுட்டுக்கொள்ளும் பைத்தியம் யாரும் இல்லை.

குளிர்ந்தால் உடுத்துவார்கள். இரவு உணவுக்கு உடுத்துவது பல இடங்களில் வழக்கம். நீச்சல் குளத்தில் மட்டும் ஆடையின்மை கட்டாயம். உடையோடு இறங்கினால் பணியாள் விசில் அடிப்பார்.

நம்ம தோல் கறுப்புதானே, வெயில் என்ன பண்ணிடும்?

தீய்ந்து சிவப்பது குறைவு, தீயாமல் இருக்காது. அதுவும் பிறந்ததிலிருந்து வெயிலே காணாத பிட்டமும் மார்பும் முதல் நாளே எரியும். அட்லாண்டிக் கரையில் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் சூடு உறைக்காது, இரவு படுக்கும்போதுதான் தெரியும். முதல் நாள் 20 நிமிடம் போதும், நண்பகலில் நிழல்.

சன்ஸ்கிரீன் முழு உடம்புக்கு ஒரு தடவைக்குச் சுமார் 35 மில்லி வேண்டும், இரண்டு மணிக்கொரு தடவை. கணக்குப் போட்டால் 200 மில்லி புட்டி ஒரே ஆளுக்கு ஆறு தடவைக்குக்கூட வராது. பாதத்தின் மேற்புறமும் காது மடலும் மறந்துபோகும் இடங்கள். காட்டு ஏரி என்றால் உண்ணி: மாலையில் முழங்கால் மடிப்பு, தொப்புள், அரை, அக்குள் என்று தேடுங்கள். இருந்தால் சாமணத்தால் தலையோடு பிடித்து நேராக இழுக்க வேண்டும். நசுக்கக் கூடாது, எண்ணெய் வைக்கக் கூடாது.

சட்டப்படி எந்தக் கடற்கரையில வேணும்னாலும் கழட்டலாமா?

நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் ஆடையின்மை மட்டுமே குற்றம் ஆகாது, ஆனால் பொது இடத்தில் பிறருக்கு இடைஞ்சல் என்றால் ஒழுங்கு மீறலாகி அபராதம் விழலாம். மியூனிக் நகர நடுவிலேயே, ஆங்கிலப் பூங்காவில், இதற்கென்று ஒதுக்கிய புல்வெளி இருக்கிறது. பிரான்சில் ஒதுக்கிய கடற்கரைக்கு வெளியே போனால் பாலியல் வெளிக்காட்டல் என்று வழக்கு வரும் அபாயம் உண்டு. அதற்குப் பொதுவாக உச்ச தண்டனை ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும். பாரிசின் வான்சென் பூங்காவில் 2017இலிருந்து தனிப்பகுதி உண்டு. ஸ்பெயினில் தேசியத் தடை இல்லை, ஆனால் நகராட்சி விதிகள் உண்டு; பார்சிலோனா 2011இல் தெருக்களில் தடை செய்தது. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறரைப் பதறவைக்கும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். குரோஷியாவில் யூகோஸ்லாவியக் காலத்திலேயே, 1961இல், கோவெர்சாதா மையம் திறந்தது. அங்கெல்லாம் வேலிக்குள் இருக்கும்வரை சிக்கலே இல்லை.

நடைமுறையில் ஒன்று: பலகை இல்லாத இடத்தில் மற்றவர்களைப் பாருங்கள். யாரும் கழற்றவில்லை என்றால் நீங்களும் வேண்டாம்.

போட்டோ எடுக்கலாமா? பேக்ரவுண்டுல யாரும் இல்லாம செல்ஃபி மட்டும்?

வேண்டாம். செல்ஃபியா, சுற்றியிருப்பவர் படமா என்று தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது, கைபேசியைத் தூக்கியதே போதும். பல இடங்களில் நுழைவிலேயே கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். ஜெர்மனியில் சவுனா போன்ற மறைவிடத்தில் திருட்டுத்தனமாக எடுத்தால் தண்டனைச் சட்டத்தில் இரண்டாண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. கடற்கரையில் எடுத்ததை அனுமதியின்றி வெளியிட்டால் 1907ஆம் ஆண்டின் உருவ உரிமைச் சட்டம் தனியாக வரும். மின்புத்தகம் படிக்க வேண்டுமானால் கேமரா இல்லாத கருவி கொண்டுபோங்கள்.

குழந்தைங்களையும் கூட்டிட்டு வர்றாங்களே, அது சரியா?

அவர்களுக்கு அது குடும்ப விடுமுறை. மையங்களில் விதி தெளிவு: பெற்றோர் பொறுப்பு, படம் கூடாது, பிள்ளை உடுத்த விரும்பினால் உடுத்தலாம். பதின்ம வயதினர் அரைக்கால் சட்டையோடு திரிவது சகஜம், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். வற்புறுத்தும் இடம் நல்ல இடமல்ல.

தனியா போற ஆம்பளைக்கு இடம் தர மாட்டாங்களாமே?

சில மையங்களில் தரமாட்டார்கள், அல்லது ஒரு எண்ணிக்கைக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. நல்ல எண்ணத்தோடு போகிறவருக்கு வருத்தம்தான். ஏதாவது தேசியச் சங்கத்தில் சேர்ந்து, அந்த ஆண்டுக்கான முத்திரையோடு பன்னாட்டு அடையாள அட்டை வாங்கிவைத்தால் உதவும். முன்பதிவு மின்னஞ்சலிலேயே ‘தனியாக வருகிறேன், ஆண்’ என்று எழுதிக் கேளுங்கள். வாசலில் போய் நின்று வாதாடிப் பயனில்லை. பொதுக் கடற்கரைகளில் இந்தத் தடை கிடையாது.

இது நம்ம திகம்பர சமணர்கள் மாதிரிதானே?

வெளித்தோற்றம் தவிர ஒற்றுமை இல்லை. திகம்பரத் துறவி எல்லாவற்றையும் விட்டபின் கடைசியாகத் துணியையும் விடுகிறார். வெயிலும் குளிரும் அவருக்குத் தவம். நேச்சுரிஸ்டுக்கு வெயில் இன்பம், பக்கத்தில் குளிர்ந்த பீரும் இருக்கும். சமணரைக் குறித்த ‘அமணர்’ என்ற சொல்லோடு நம் ‘அம்மணம்’ தொடர்புடையது என்று சொல்வதுண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு வெட்கம் ஏறுவதும் ஜெர்மானியருக்கு ‘கட்டற்ற’ என்று தோன்றுவதும் வரலாற்று வேறுபாடு.

நான் கழட்ட மாட்டேன். துணியோடவே போய் சும்மா பாத்துட்டு வரலாமா?

பலகை நட்ட எஃப்-கா-கா பகுதியிலும் வேலியிட்ட மையத்திலும் கூடாது. “அம்மண ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன்” என்ற நம் பழமொழி அங்கே ஏறக்குறைய விதியாகவே நடக்கிறது. துணியோடு உட்கார்ந்து பார்ப்பவரைத்தான் எல்லாரும் முறைப்பார்கள். கலப்புக் கடற்கரைகளில் தாராளமாகப் போகலாம், அங்கே உடுத்தியவரும் உடுத்தாதவரும் அருகருகே இருப்பார்கள். மெதுவாகப் பழக நினைப்பவருக்கும் அதுதான் தோதான இடம்.

பொண்ணு தனியா போனா பாதுகாப்பா?

மையங்கள், பெரும்பாலும் ஆம். ஆளில்லாத கடற்கரை மணல்மேடுகள், இல்லை. மேடுகளுக்குப் பின்னால் பதுங்கிப் பார்ப்பவர்கள் ஐரோப்பா முழுக்க உண்டு. குடும்பங்களும் வயதான தம்பதிகளும் உட்கார்ந்திருக்கும் இடமாகப் பார்த்துத் துண்டை விரியுங்கள். ஒருவன் இரண்டாம் தடவை அருகே வந்து உட்கார்ந்தால் பக்கத்துக் குடும்பத்திடம் சத்தமாகச் சொல்லுங்கள். அவர்கள் எழுந்து நிற்பார்கள், அந்த ஊர் வழக்கம் அது. உயிர்காப்பாளர் கூடாரம் எங்கே என்று போனவுடனேயே பார்த்துவையுங்கள். அவசரத்துக்கு 112.